பூம்புகார் முதல் தரங்கம்பாடி வரை: கல்லூரிப் பிள்ளைகளின் கடற்கரை நடைக்கு ஐந்துக்கு மூன்றரை

கும்பகோணத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு நடைக்குழு வைத்திருக்கிறார்கள். பனிக்காலம் முடிந்து வெயில் ஏறுவதற்குள், சனி ஞாயிறு பார்த்து கடற்கரை ஊர்கள் வழியாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். முதலில் தங்களுக்குள் மட்டும் போய்க்கொண்டிருந்தவர்கள், இப்போது வெளியாட்களையும் சேர்க்கிறார்கள். தலைக்கு 850 ரூபாய். சனிக்கிழமை மதியமும் இரவும் சாப்பாடு, ராத்தங்கல், ஞாயிறு காலை டிபன், மதியச் சாப்பாடு, நடுவில் வேன் எல்லாம் இதில் அடக்கம். என் தங்கை மகன் அந்தக் குழுவில் இருக்கிறான். அதற்காகக் காசிலும் சலுகை இல்லை, இந்த விமர்சனத்திலும் சலுகை இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒன்றரையை எங்கே பிடித்தேன் என்று கடைசியில் புரியும்.

முதலில் தூரம். பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடிக்குக் கரையோரமாக நடந்தால் சுமார் 14 கிலோமீட்டர்தான். இரண்டு நாளுக்கு இது என்ன பெரிய தூரம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். மணலில் நடந்தவர்கள் கேட்க மாட்டார்கள். அலை வந்து நனைத்துவிட்டுப் போகிற ஈரப்பட்டையில் கால் பதியாது, வேகமாகப் போகலாம். ஆனால் அந்தப் பட்டை கடல் பக்கமாகச் சரிந்திருக்கும். அரை மணி நேரத்தில் ஒரு பக்க இடுப்பு முணுமுணுக்க ஆரம்பிக்கும். மேலே ஏறினால் புதைமணல் மாதிரி உள்வாங்கும், அதோடு ராவணன் மீசை முள் வேறு. பிள்ளைகளில் பாதிப் பேர் புதிதாக ஷூ வாங்கி வந்திருந்தார்கள். வானகிரி தாண்டுவதற்குள் அத்தனை ஷூவும் கயிறு கட்டித் தோளில் தொங்கியது. பின்னால் பட்டை வைத்த சாதாரணச் செருப்பு போதும். ஊரை நெருங்கும்போது வெறுங்காலோடு போகாதீர்கள். அறுந்த வலை, தூண்டில் முள், உடைந்த சிப்பி, இன்னும் நான் எழுத விரும்பாததும் கிடக்கும்.

மயிலாடுதுறை பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணிக்குக் கூடச் சொன்னார்கள், ஆறேகாலுக்குப் பேருந்து ஏறிவிட்டோம். இதற்கு ஒரு சபாஷ். கல்லூரிப் பிள்ளைகள் சொன்ன நேரத்துக்கு வந்ததை என் காலத்தில் நான் கண்டதில்லை.

பூம்புகாருக்கு முன்னாலேயே மேலையூரில் இறக்கிவிட்டு, பல்லவனேஸ்வரத்தில் பௌத்த விகாரையின் செங்கல் அடித்தளத்தைக் காட்டினார்கள். 1960களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது. புத்தர் பாதம் பொறித்த கல் இங்கேதான் கிடைத்தது. பக்கத்திலேயே கீழார்வெளி என்ற இடத்தில் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறையும் கிடைத்திருக்கிறது. இவ்வளவையும் ஒரு வேலி, ஒரு அறிவிப்புப் பலகை, முழங்கால் உயரச் சுவர் என்ற மூன்றையும் பார்த்து மனதுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். வரலாற்றுத்துறைப் பையன் ஒருவன் நன்றாகத்தான் விளக்கினான். கடல் இப்போது இருக்கிற இடத்தையும் படகுத்துறை இருக்கிற இடத்தையும் கையால் காட்டி, நடுவில் ஓடியிருக்கக்கூடிய ஆற்றுவாயை மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினான். அதுவரைக்கும் பிரமாதம். அப்புறம் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தான்.

பூம்புகாரில் 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்க நான் ஆசைப்பட்டு முன்னால் ஓடினேன். போனது மாசி மாதம். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள் என்பது டெல்டாவில் பிறந்த எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் குடகில் புறப்பட்ட ஆறு இங்கே வந்து குட்டையாகக் கிடப்பதைப் பார்க்க என்னவோ போல்தான் இருந்தது. கல்லணையில் தொடங்கி ஆயிரம் வாய்க்காலுக்குப் பங்கு கொடுத்துவிட்டு வருகிறவளிடம் மிச்சம் என்ன இருக்கும்? தை அமாவாசைக்கு முழுக்குப் போட்டவர்கள் விட்டுப்போன துணிகள் இன்னமும் கரையில் கிடந்தன. பிள்ளைகள் அதைக் கூட்டிச் சாக்கில் போட்டார்கள்.

அந்தச் சாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வழியெல்லாம் பிளாஸ்டிக் பொறுக்குவது இவர்களுடைய கொள்கை. நல்ல கொள்கை. ஆளுக்கொரு சாக்கு நிறைந்தது. நிறைந்த சாக்கை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. கடைசியில் அத்தனையும் தரங்கம்பாடியில் ஒரு குப்பைத் தொட்டியில் போய் விழுந்தது. அது ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்தது.

துறைமுகத்துக் கல்சுவரைத் தாண்டித் தெற்கே திரும்பியதும்தான் உண்மையான நடை தொடங்குகிறது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். கடலுக்குள் நீட்டிக் கல்லைக் கொட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். பள்ளிப் பாடத்தில் இதைப் படித்திருக்கிறோம். படகை இழுத்து விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இரண்டே வாக்கியத்தில் முடித்தார்: “இவங்களுக்கு மணல் வருது. வடக்க இருக்கிறவனுக்கு ஊரே போவுது.” கரை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு ஒவ்வொரு ஊரும் ஏன் மனுப் போடுகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு ஊர் வாங்கினால் அடுத்த ஊருக்கும் வேண்டியிருக்கிறது.

குழுவுக்கு நான் கொடுக்கிற மதிப்பெண்ணில் பெரும்பங்கு, ஊர்களுக்குள் இவர்கள் நடந்துகொள்ளும் விதத்துக்குத்தான். ஒவ்வொரு மீனவ ஊரிலும் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே வந்து சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறார்கள். ஊர் எல்லையில் பாட்டுப்பெட்டி அணைய வேண்டும். கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. உலர்கிற வலையைத் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். சுனாமியைப் பற்றி நாமாக வாயைத் திறந்து கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் போட்ட பிள்ளை யாரென்று தெரியவில்லை, அதன் அம்மா நன்றாக வளர்த்திருக்கிறார். 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரை முழுக்க என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்டுக் கேட்டு, சொல்கிறவர்களுக்கு அலுத்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை. சின்னமேட்டில் தண்ணீர் கொடுத்த அம்மா தானாகவே, “எங்க பழைய வீடு அந்தச் சவுக்கு இருக்கிற எடத்துலதான் இருந்துச்சு” என்று கை காட்டிவிட்டு, அடுத்த சொம்பை மொண்டு நீட்டினார். இந்தக் கரையில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. குழாயில் வருகிற நேரத்தில் பிடித்துக் குடத்தில் வைத்திருப்பதைத்தான் நமக்குக் கொடுக்கிறார்கள். ஆகவே ஆளுக்கு மூன்று லிட்டர் தூக்கிக்கொண்டு போங்கள். இருபத்துச் சொச்சம் பேர் போய் ஒரு வீட்டுக் குடத்தைக் காலி செய்வது நியாயமில்லை.

மதியச் சாப்பாடு சின்னங்குடியில் ஒரு வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். இதற்கு ஐந்துக்கு ஆறு. மண்சட்டியில் சங்கரா மீன் குழம்பு, மாங்காய் போட்டது. நெத்திலி வறுவல். ரசம். சுடுசோறு. மீன் சாப்பிடாத இரண்டு பிள்ளைகளுக்கு வேறு அடுப்பில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. நான் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அக்கா குழம்பில் கரண்டியே போடவில்லை. இரண்டு பக்கமும் துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினார், மீன் ஒன்றுகூட உடையவில்லை. மாங்காயை மீனுக்கு முன்னாலே போட்டு அரை வேக்காடு வந்த பிறகு மீனைப் போடுகிறார், கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்துவிடுகிறார். “கேஸுல வெச்சா நாங்களே சாப்பிட மாட்டோம்” என்றார். ஒரு சாப்பாட்டுக்குக் குழு அவருக்கு 150 ரூபாய் கொடுக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இன்னும் கொடுக்கலாம். 850ஐ 950 ஆக்கினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சாப்பிட்ட பிறகு நடந்ததுதான் இந்த நடையில் எனக்குப் பிடித்த பகுதி, என் கோபமும் அங்கேதான். வலை பின்னும் கூடத்தில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்து நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிக்கின நண்டைப் பிடுங்கி எடுப்பதில்லை. ஒரு காலை மடக்கி, கண்ணியை விரலால் அகட்டி, அடுத்த காலை மடக்கி, கடைசியில் நண்டு தானாக வெளியே வருகிறது. கால் உடைந்தால் ஏலத்தில் விலை போச்சு. கொடுக்கு விரலைக் கவ்வாமல் இருக்க எந்தப் பக்கம் கட்டை விரலை வைக்க வேண்டும் என்று ஒருவர் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தார். இரண்டு பிள்ளைகள் முயன்றார்கள், ஒருவன் அலறினான், கூடமே சிரித்தது. வெளியே மணலில் பழைய வலையை விரித்து ஒரு ஆயா நெத்திலியைக் காயவைத்துக்கொண்டிருந்தார். வாரியலால் ஒரு தட்டுத் தட்டிப் புரட்டிவிட்டு, ஒன்றை எடுத்து ஒடித்துக் காட்டினார். மொடமொடவென்று ஒடிந்தால் காய்ந்தது, வளைந்தால் இன்னொரு வெயில். மேகம் போட்டால் அத்தனையும் கோழித்தீவனத்துக்குத்தான் போகும் என்றார். அடுத்து விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். உப்பு என்ன விலை, ஐஸ் என்ன விலை, சந்தைக்கு அன்னக்கூடையோடு பேருந்தில் ஏறினால் நடத்துனர் என்ன சொல்கிறார்...

“பெரியம்மா, கிளம்பணும். அட்டவணை பின்னால போவுது” என்று தங்கை மகன் வந்து நின்றான்.

எந்த அட்டவணை? மறுநாள் கோட்டையைச் சாத்துவதற்குள் தரங்கம்பாடி போய்ச் சேர வேண்டுமாம், அதற்கு இன்றைக்கே இன்னும் இரண்டு கிலோமீட்டர் முடிக்க வேண்டுமாம். சரி, மறுநாள் கோட்டையில் எவ்வளவு நேரம் இருந்தோம் தெரியுமா? முழுசாக ஒன்றரை மணி நேரம். அதில் முக்கால் மணி, தாளைப் பார்த்து வாசித்த வரலாறு. அந்த விவரமெல்லாம் செல்போனில் இருக்கிறது. நெத்திலி ஆயா செல்போனில் இல்லை. நடைக்குழு என்று பெயர் வைத்துக்கொண்டு, போய்ச் சேருகிற இடத்தையே குறியாக வைத்து நடந்தால் பேருந்திலேயே போய்விடலாமே. இதை அவனிடம் அங்கேயே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். முதல் அரை மதிப்பெண் போனது இதற்கு.

இரவு திருக்கடையூரில் தங்கல். கடற்கரையிலிருந்து வேன் வைத்து உள்ளே கூட்டிப் போனார்கள். அங்கே தங்குமிடத்துக்குப் பஞ்சமில்லை, ஊரே அறுபதாம் கல்யாணத்தையும் எண்பதாம் கல்யாணத்தையும் வைத்துத்தான் ஓடுகிறது. ஒரு மண்டபத்து மாடியில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். பெண்களுக்குத் தனி அறை, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்தது, வெந்நீர் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. தூக்கத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். விடிகாலை நாலரைக்குக் கீழே நாதஸ்வரம் தொடங்கியது. ஒரே நேரத்தில் இரண்டு கோஷ்டி, இரண்டு ராகம். காலை டிபனுக்குச் சொல்லி வைத்திருந்த கடை திறக்கவே இல்லை. பிள்ளைகள் போனில் மாறி மாறி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாற்று ஏற்பாடு என்ற ஒன்று இவர்கள் திட்டத்திலேயே கிடையாது என்று அப்போது தெரிந்தது. கடைசியில் கீழ்த்தளத்தில் மணிவிழா நடத்திய திருப்பூர்க் குடும்பம்தான் எங்களைக் காப்பாற்றியது. “எங்களுக்குப் பந்தியில எடம் இருக்குதுங்க, கொழந்தைங்க பசியோட நடக்கக் கூடாதுங்க” என்று இழுத்துப்போய் உட்காரவைத்தார்கள். பொங்கல், வடை, அசோகா. பிள்ளைகள் வரிசையாகப் போய்த் தம்பதிகள் காலில் விழுந்தார்கள், அந்த அம்மா கண் கலங்கிவிட்டார். அழகான காலைதான், ஆனால் அது திருப்பூர்க்காரர்களின் கணக்கில் சேர வேண்டியது. குழுவுக்குக் கால் மதிப்பெண் குறைத்தேன்.

ஞாயிறு நடை இன்னும் அமைதியானது. இரண்டு இடத்தில் வடிகால் ஆறு கடலில் சேருகிறது. மழைக்காலத்தில் இவற்றைக் கடக்கவே முடியாது, மாசியில் மணல்திட்டு அடைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீர்தான் இருக்கிறது. கயிறு கொண்டுவந்திருந்தார்கள், முதலில் ஒருவன் இறங்கிக் கழி ஊன்றி ஆழம் பார்த்த பிறகே எங்களை விட்டார்கள். பாதுகாப்பில் இவர்கள் கெட்டி. கடலில் குளிக்க ஒருவரையும் அனுமதிக்கவில்லை. கெஞ்சியும் பார்த்தார்கள், நடக்கவில்லை.

குட்டியாண்டியூருக்கு முன்னால் ஒரு பங்குனி ஆமை செத்துக் கிடந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போக, விலங்கியல் படிக்கும் ஒரு மாணவி மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். உடம்பில் காயமே இல்லை பாருங்கள் என்றாள். ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், இழுவலைக்குள் மாட்டினால் மூச்சு முட்டியே சாகும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இடும், 45 முதல் 60 நாளில் பொரியும். மணல் சூடு கூடினால் பொரிவதெல்லாம் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண். அதற்குள் நாய் தோண்டிவிடுகிறது என்பதால்தான் வனத்துறை முட்டைகளை எடுத்துப்போய் வேலிக்குள் புதைத்துப் பொரிக்க வைக்கிறது. கையில் தாள் கிடையாது, தடுமாற்றமும் கிடையாது. இந்தப் பெண்ணையே இரண்டு நாளும் பேசவிட்டிருக்கலாம்.

தரங்கம்பாடியைப் பற்றி எழுத எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதியோடு 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்ற கதை எல்லாம் தாளில் வந்தது. கோட்டையைவிட எனக்குப் பக்கத்தில் கடலோரமாக நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில்தான் பிடிக்கும். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அதற்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்கினார்கள். மயிலாடுதுறையிலிருந்து இந்த ஊருக்கு 1926இல் வந்து 1986இல் நின்றுபோன ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் வந்திருக்கிறேன் என்று சொன்னதும், தாள் வைத்திருந்த பையன் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டான். அடுத்த தடவை வாசிப்பான் போல.

மிச்சமிருக்கிற முக்கால் மதிப்பெண் எங்கே போனது என்றால், கழிப்பறை. நடையின் திட்டத்தை வாட்ஸ்அப்பில் நான்கு பக்கத்துக்கு அனுப்பினார்கள். தொப்பி, சன்ஸ்கிரீன், பவர் பேங்க், விசில் எல்லாம் இருந்தது. இரண்டு மூன்று மணி நேரம் ஆள் மறைகிற மரம்கூட இல்லாத கரையில் பெண்கள் எங்கே போவார்கள் என்று ஒரு வரி இல்லை. குழுவில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். அவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நடந்ததைக் கவனித்துவிட்டு, நான்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வானகிரியில் ஒரு சுனாமி குடியிருப்பு வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்கவில்லை, வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தார். இப்படி ஊருக்கு ஒரு வீடு சொல்லி வைத்து, ஒரு சிறு தொகை கொடுப்பதில் என்ன கஷ்டம்? சாப்பாட்டுக்குச் செய்கிறார்கள், இதற்கும் செய்யலாம். பையன்கள் உட்கார்ந்து போட்ட திட்டம் என்பது பார்த்ததுமே தெரிகிறது.

போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். முழங்கால் வலி இருப்பவர்கள் ஞாயிறு மட்டும் சேர்ந்துகொள்ளலாம், கேட்டால் 400 ரூபாய்க்கு ஒத்துக்கொள்கிறார்கள். பங்குனி பாதிக்கு மேல் மணல் சுடும். ஏப்ரல் 15இல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிவிட்டால் துறைமுகத்தில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: சின்னங்குடியில் எத்தனை மணி நேரம் நிற்பீர்கள், வழியில் கழிப்பறை எங்கெங்கே. என் தங்கை மகன் திருத்துகிறேன் என்று தலையாட்டியிருக்கிறான். ஆனாலும் நான் ஒருத்தி சொன்னால் அது பெரியம்மா புலம்பல். பத்துப் பேர் கேட்டால் திட்டத்தில் ஏறும்.